பிறந்த தேதியும் தளபதி நாற்காலியும்

பாகிஸ்தானுடனான காஷ்மீர் போரில், 1948 நவம்பர் 1 அன்று ஸோஜி லா கணவாயில், சுமார் 11,500 அடி உயரத்தில், பனிக்கு நடுவே டாங்கிகள் ஏறி வந்தன. அந்த உயரத்துக்கு டாங்கி வரும் என்று எதிரி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மேற்கூண்டுகளைக் கழற்றி, ரகசியமாக ஸ்ரீநகர் வழியே கொண்டுவந்திருந்தார்கள். பால்தாலிலிருந்து கோவேறு கழுதைகள் மட்டுமே போய்வந்த தடத்தை டாங்கி ஏறும் பாதையாக வெட்டிக் கொடுத்தவர்கள் ராணுவப் பொறியாளர்களான நம் மெட்ராஸ் சாப்பர்ஸ். டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் கே.எஸ். திம்மையா பின்னால் கூடாரத்தில் இருக்கவில்லை. டாங்கிகளோடு முன்னால் போனார். லடாக்குக்கு வழி திறந்தது.

இந்தத் திம்மையா 1957இல் தரைப்படைத் தலைமைத் தளபதியானபோது, அவரைவிட மூத்த இரண்டு ஜெனரல்களைத் தாண்டித்தான் அந்தப் பதவிக்கு வந்தார். பணிமூப்பை மட்டும் பார்த்திருந்தால் அவருக்கு அது கிடைத்திருக்காது. பணிமூப்பு முறையை எதிர்ப்பவர்களுக்கு இதைவிட வலுவான சான்று வேண்டாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. திறமை பார்த்து ஒருவரை மேலே கொண்டுவந்த அதே அரசு, அடுத்த இரண்டே ஆண்டுகளில் வேண்டியவர் பார்த்தும் மேலே கொண்டுவந்தது. போரில் ஒரு பட்டாலியனைக்கூட நடத்தியிராத பி.எம். கௌல், பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனின் ஆதரவால் உயர்ந்தார். மேனனோடு ஒத்துப்போக முடியாமல் 1959இல் திம்மையா ராஜினாமா கடிதம் கொடுத்தார். நேரு கேட்டுக்கொண்டதால் திரும்பப் பெற்றார். 1962 அக்டோபரில் சீன எல்லையில் புதிதாக அமைத்த நான்காவது கோரின் தளபதியாகக் கௌல் அனுப்பப்பட்டார். அதன் விலையைக் கொடுத்தவர்கள் கோடைக்கால உடுப்போடு நம்கா சூ ஆற்றங்கரையில் நின்ற ஜவான்கள்.

பணிமூப்பு முறையின் உண்மையான பலம் இதில்தான் இருக்கிறது. மிகச் சிறந்தவரை அது கண்டுபிடித்துத் தருவதில்லை. கோர் தளபதியாகவும் பிராந்தியக் கட்டளைத் தளபதியாகவும் பல கட்டத் தேர்வுகளில் வடிகட்டப்பட்டு மேலே வந்த சிலருக்குள், அமைச்சர் வீட்டு வாசலில் நிற்க வேண்டிய தேவையை அது நீக்குகிறது. பாகிஸ்தானைப் பாருங்கள். மூத்தவர்கள் பலரைத் தாண்டி 1976இல் ஜியா உல் ஹக்கைத் தளபதியாகப் பிரதமர் பூட்டோ தேர்ந்தெடுத்தார். 1998இல் முஷாரஃபைப் பிரதமர் நவாஸ் ஷெரீஃப் அப்படியே தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்தவரையே இருவரும் கவிழ்த்தார்கள். தனக்குக் கடன்பட்டவர் என்று நம்பி ஒருவரை உயர்த்துவது ஆட்சியாளருக்கே பாதுகாப்பில்லை.

இருந்தும், நம் முறையின் குறை சிறியதல்ல. தலைமைத் தளபதிக்கு மூன்று ஆண்டு அல்லது 62 வயது, எது முந்தியதோ அதுவரை பதவி. லெப்டினன்ட் ஜெனரல்களுக்கு 60 வயதில் ஓய்வு. ஆகவே, அடுத்த தளபதி யார், அவருக்கு அடுத்தவர் யார் என்பதை ஆண்டுக்கணக்கில் முன்பே காகிதத்தில் கணக்கிட்டுவிடலாம். நாற்பதாண்டு சேவையின் முடிவு பிறந்த தேதியில் வந்து நிற்கிறது. ஜெனரல் வி.கே. சிங் பிறந்தது 1950 மே மாதமா, 1951 மே மாதமா என்ற வழக்கு 2012இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. பதவியில் இருக்கும் தளபதி தன் அரசை எதிர்த்து வழக்காடியது நாட்டுக்கு நல்லதாக இல்லை. ஓய்வு தேதியைத் தள்ளி வைத்தாலும் போதும், வரிசை மாறிவிடும். தலைமைத் தளபதி ஜெனரல் பேவூருக்குப் பதவி நீட்டிப்பு கிடைத்ததால், விக்டோரியா கிராஸ் பெற்ற பிரேமிந்திர சிங் பகத் தளபதி ஆகாமலேயே ஓய்வு பெற்றார்.

என் வருத்தம் இன்னொன்று. அரசு வரிசையை மீறும்போது காரணம் சொல்வதில்லை. 1983இல் துணைத் தளபதி எஸ்.கே. சின்ஹாவைத் தாண்டி வைத்யா தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். சின்ஹா பதவி விலகினார். 2016இல் பிரவீன் பக்‌ஷி, பி.எம். ஹாரிஸ் இருவரையும் தாண்டி பிபின் ராவத் வந்தார். கிளர்ச்சி நடக்கும் பகுதிகளில் ராவத்துக்கு இருந்த அனுபவம் ஒரு நியாயமான காரணம்தான். ஆனால் அது ‘வட்டாரங்கள்’ சொன்னதாகவே செய்தித்தாள்களில் வந்தது. தாண்டப்பட்டவர்களின் பெயர் மீது நிழல் விழுந்தது. வந்தவர் மீது அரசியல் முத்திரை விழுந்தது. இரண்டுமே அநியாயம்.

முப்படைத் தலைமைத் தளபதி பதவிக்கு 2022இல் விதி இன்னும் தளர்ந்தது. ஓய்வு பெற்ற லெப்டினன்ட் ஜெனரல்களும் 62 வயதுக்குள் இருந்தால் நியமிக்கப்படலாம். அந்த ஆண்டே அப்படி ஓய்வில் இருந்த அனில் சௌஹான் நியமிக்கப்பட்டார். தெரிவு விரிந்தது சரியே; தெரிவின் அளவுகோல் மட்டும் இன்னும் மூடிய உறைக்குள் இருக்கிறது.

பணிமூப்பே பொது வழக்கமாக இருக்கட்டும். மீறும் உரிமையும் அரசுக்கு இருக்கட்டும். ஒரு திம்மையாவுக்காக அது தேவை. ஆனால் மீறும் ஒவ்வொரு முறையும் பாதுகாப்பு அமைச்சகம் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவின் முன் வைக்க வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. அடுத்த நியமனத்திலிருந்தே தொடங்கலாம்.