காத்திருப்போர் காலம்

1952ஆம் ஆண்டில் வெல்ச், பெய்லி எனும் இருவர் இங்கிலாந்து மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பகுதிக்கென ஒரு முறையை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். தொடக்கத்தில் இருவரை வரச் செய்க. ஏனையோரைச் சராசரிப் பார்வை நேர இடைவெளியில் ஒவ்வொருவராக அழைக்க என்பதே அது. எவர்க்கு எவ்வளவு நேரமாகும் என்பதை முன்னரே அறிய இயலாதன்றோ? முதல்வர் பிந்தினும், விரைவில் முடிப்பினும் மருத்துவர் வாளா இரார். இம்முறையின் சிறப்பு இதுவே.

ஆயின், தொடக்கத்தில் கூட்டிய அந்த ஒருவரின் சுமை பின்வருவோர் மீதும் படிகிறது. மருத்துவரின் ஒரு மணி, நோயாளரின் எத்தனை மணிக்கு ஈடு? இதற்குக் கணக்கு விடை கூறாது, நாமே கூறவேண்டும். விதியை மட்டும் எடுத்தாள்வோர் இக்கேள்வியை மறத்தல் தகாது. பெற்றோரைக் காக்க வைக்கும் ஆசிரியராகிய நாமும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.