தொழிலறிந்தவர்க்குப் பாடம் வகுத்தல்: இலங்கை வழியும் இந்திய வழியும்

பத்திருபது ஆண்டுகளாக ஒரு தொழிலையே ஜீவனமாகக் கொண்டு, அதன் நெளிவு சுளிவுகளைக் கையாலும் கண்ணாலும் பழகியறிந்த ஒருவருக்குப் பாடம் வகுக்க முற்படுகிறவர், பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் வகுப்பவரினும் பெரிய பொறுப்பை ஏற்கிறார். பிள்ளை ஆண்டு முழுவதும் வகுப்பிலே இருக்கிறது. தொழிலாளியோ ஒரு நாள் வகுப்புக்கு வந்தால் ஒரு நாள் கூலியை இழக்கிறார். அவருக்குத் தெரிந்ததையே மீண்டும் கற்பிப்பது அவருடைய அனுபவத்துக்கு அவமரியாதை; தெரியாததைக் கற்பிக்காமல் சான்றிதழை மட்டும் கொடுத்தனுப்புவது, அவரை நம்பி வீடு கட்டுகிறவர்களுக்கு அநீதி. இவ்விரண்டு குற்றத்துக்கும் இடங்கொடாமல் பாடம் வகுக்க முயல்வதே தேர்ச்சி அடிப்படையிலான பயிற்சி. இலங்கையும் இந்தியாவும் இதனைச் சற்று முன்பின்னாக ஏற்றுக்கொண்டன. கொள்கை ஒன்றே ஆயினும் நடைமுறை வேறுபட்டமையால், ஒரு தேசத்தின் அனுபவம் மற்றதற்குப் பிரயோஜனமாகக் கூடிய நிலையில் இருக்கிறது.

இலங்கையில் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பொறுப்பில், 2004-05 காலப்பகுதியில் தேசிய தொழிற்றகைமைச் சட்டகம் நடைமுறைக்கு வந்தது. என்.வி.கியூ. என்று எல்லோரும் அழைக்கும் இந்த ஏணிக்கு ஏழு படிகள். முதற்படி தொழிலுக்குள் புதிதாக நுழைகிறவர்க்கு உரியது, நான்காம் படி, பிறர் அருகிருந்து சொல்லாமலே வேலையைப் பொறுப்பேற்று முடிக்கவல்ல கைவினைஞருக்கு உரியது, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். அந்த ஏழாம் படிக்கு ஆதாரமாக, 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இரத்மலானையில் ஒரு தொழினுட்பப் பல்கலைக்கழகமும் ஸ்தாபிக்கப்பட்டது. மேசன் வேலையைத் தொடங்கிய ஒருவர் பட்டம் வரையில் ஏறுவதற்கு ஒரே தொடர்ச்சியான பாதை உண்டு என்பதே இதன் விசேஷம்.

இந்தியாவின் கதை வேறு. 1950 முதல் நடந்துவரும் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்கள் ஓராண்டு, ஈராண்டுப் பாடங்களை நடத்திவர, அவற்றோடு கூடவே 2008க்குப் பிறகு, தொழிலதிபர்களை முன்னிறுத்திய துறைத் திறன் மன்றங்கள் தோன்றி, ஒவ்வொரு வேலைக்கும் உரிய தரநிர்ணயங்களை எழுதத் தொடங்கின. 2013 டிசம்பரில் பத்துப் படிகளோடு அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிச் சட்டகம், 2023இல் எட்டுப் படிகளாகத் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த மதிப்பலகு முறை, முப்பது மணி நேரக் கற்றலை ஒரு மதிப்பலகு என்றும், நாற்பது மதிப்பலகுகளை ஓராண்டுக் கல்வி என்றும் கணக்கிட்டது. இலங்கை ஏணியை முதலில் நிறுத்தியது என்றால், இந்தியா ஒவ்வொரு வேலையையும் தனித்தனியே அளந்தெடுத்துப் பின்னர் அவற்றை இணைக்க முயல்கிறது எனலாம்.

இனி ஒரு வேலையை அருகிருந்து பார்ப்போம். தமிழ்நாட்டுக் கொத்தனாரும் யாழ்ப்பாணத்து மேசனும் செங்கல் சுவர் எழுப்பும்போது செய்வன யாவை? கல்லை முன்கூட்டியே நீரில் நனைக்கிறார்கள். இரு முனைகளிலும் கல் வைத்து நூல் கட்டுகிறார்கள். கலவையை ஏறக்குறைய பத்து மில்லிமீட்டர் கனத்தில் பரப்புகிறார்கள். ஒரு வரிசையின் செங்குத்து மூட்டு அடுத்த வரிசையின் மூட்டுக்கு நேரே வராமல் மாற்றி வைக்கிறார்கள். தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் வைத்துச் சரிபார்க்கிறார்கள். இவை ஒவ்வொன்றும், இரு தேசத்துத் தரநிர்ணயத்திலும், கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய செயல் வரையறையாக மாறுகின்றன. அதனோடு சேர்ந்து நிற்பது காரண ஞானம்: காய்ந்த கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடுமாதலால், சிமெண்ட் இறுகுவதற்கு வேண்டிய நீர் இல்லாமற் போகும் என்பதை அறிந்துதான் நனைக்கிறாரா, அல்லது மூத்தவர் செய்யக் கண்டு நனைக்கிறாரா? வரைபடத்தைப் பார்த்து இத்தனை கல், இத்தனை மூட்டை என்று கணக்கிடச் சொன்னால் தயங்குகிறாரா? கைகள் பூரணமாக அறிந்த இடத்தில் பாடம் வேண்டியதில்லை. காரணமும் கணக்கும் தடுமாறும் இடத்தில்தான் பாடம் பிறக்கவேண்டும்.

இங்கே இரு நாட்டு மதிப்பீட்டு முறைகளும் பிரிகின்றன. இலங்கையில் மதிப்பீட்டாளர், தரநிர்ணயத்தின் ஒவ்வோர் அலகுக்கும் தனித்தனியே, ‘தேர்ச்சி பெற்றவர்’ அல்லது ‘இன்னும் தேர்ச்சி பெறாதவர்’ என்று தீர்ப்பளிக்கிறார். இந்தியத் தரநிர்ணயங்களிலோ ஒவ்வொரு செயல் வரையறைக்கும் மதிப்பெண் பகிர்ந்தளிக்கப்பட்டு, குறித்த சதவீதத்தை எட்டினால் தேர்ச்சி. பெருந்தொகையானவர்களை விரைவாக மதிப்பிடவும், ஒரே வேலையில் முந்தினவரையும் பிந்தினவரையும் பிரித்தறியவும் மதிப்பெண் உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மதிப்பெண்ணுக்கு ஒன்றன் குறையை மற்றொன்றன் நிறைவால் மறைக்கும் சுபாவம் உண்டு. சுவரை அழகாக எழுப்பியவர் சாரத்தை உறுதியாகக் கட்ட அறியாதவராயின், கூட்டுத்தொகை அவரைத் தேற்றிவிடக்கூடும். சாரமோ கூட்டுத்தொகையைப் பார்த்து நிற்பதில்லை. உயிருக்கும் உடலுக்கும் சம்பந்தப்பட்ட அலகுகளிலாவது இலங்கையின் தீர்ப்பு முறையே நியாயமானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

முன் அனுபவத்தை அங்கீகரிப்பதிலும் இத்தகைய வேற்றுமை காணப்படுகிறது. இலங்கையில் விண்ணப்பதாரர் தாம் செய்த வேலைகளின் சான்றுகளைக் கோப்பாகத் திரட்டிக் கொடுக்க, மதிப்பீட்டாளர் அதனையும் செய்முறையையும் வாய்மொழி விடைகளையும் சேர்த்துப் பார்க்கிறார். குறையுள்ள அலகுகளுக்குத் தனிப் பயிற்சி என்பது அந்த ஏற்பாட்டின் கருத்து. இந்தியாவில், 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், முகாம்களிலும் வேலைத்தலங்களிலும் குறுகிய அறிமுக வகுப்பு நடத்தி, உடனே மதிப்பிட்டுச் சான்றளிக்கும் வழி கைக்கொள்ளப்பட்டது. வேலை நடக்கும் இடத்துக்கே பரீட்சை சென்றது பெரிய உபகாரம். ஆனால் அந்தச் சில மணி நேர அறிமுகமே பாடமாகிவிடாது. இலங்கைக் கோப்பு முறை குறையைக் கண்டறிவதில் நுட்பமானது. ஆனால் நாட்கூலிக்காரர் அந்தக் குறையை நிரப்ப எங்கே, எப்போது வருவார் என்ற கேள்விக்கு அது மட்டும் விடையாகாது.

ஆகவே ஒன்றை மற்றொன்று நாடவேண்டிய அவசியம் வெளிப்படையாகிறது. இந்தியாவின் சிறு மதிப்பலகுகளை இலங்கை கைக்கொண்டால், வரைபடம் வாசிப்பதற்கு ஒரு மதிப்பலகு, பொருட்கணக்குக்கு ஒன்று என்று, மழைக்காலத்து வேலையில்லா நாட்களிலோ மாலை வேளைகளிலோ முடிக்கத்தக்க பாடங்கள் உண்டாகும். இலங்கையின் சான்றுக்கோப்பையும் அலகுவாரித் தீர்ப்பையும் இந்தியா கைக்கொண்டால், வழங்கப்படும் சான்றிதழின் வார்த்தைக்கு மதிப்பு உயரும். இரு நாடுகளிலும், எழுதத் தயங்குகிறவரிடம் வாய்மொழியாக, அவர் வேலைத்தலத்தில் பேசும் தமிழிலேயே வினவும் ஏற்பாடு நிலைபெறவேண்டும். தாளில் எழுதும் திறனைச் சோதித்துவிட்டுச் சுவர் எழுப்பும் திறனைச் சோதித்ததாகக் கொள்வது பொருந்தாது.

பாடம் வகுப்போர்க்கு நான் வேண்டுவது ஒரு வரிசை முறை: முதலில் வேலைத்தலம் சென்று பார்த்தல், அடுத்துத் தரநிர்ணயத்தோடு ஒப்பிட்டு மதிப்பிடுதல், அதன் பின்னரே பாடம் எழுதுதல். அலுவலகத்தில் பாடத்தை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ற மாணவரைத் தேடும் வழக்கம் நீங்குமாயின், உழைக்கும் மக்கள் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்கள் கூலியிலும் கௌரவத்திலும் உயர்வாகத் திரும்பிவரும்.