புறா வந்துச்சா?

ராயபுரத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடி. காலை பதினொன்றரை மணி. தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வடக்குப் பக்கம் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயரான பெரியவர் ஒருவர். அவரும் வானத்தைத்தான் பார்க்கிறார். ஒரு மணி நேரமாக நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது மொத்தம் நாலு வாக்கியம் இருக்கும். அதில் மூன்று, டீ சம்பந்தப்பட்டது.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு சினிமாச் சண்டை. 'புறாப் பந்தயத்தைப் பத்தித்தான் மாரியில காட்டிட்டாங்களே, இன்னும் என்ன இருக்கு?' என்றான் நண்பன். எனக்கு ஏனோ சுருக்கென்றது. பாலாஜி மோகன் இயக்கி தனுஷ் நடித்து 2015-ல் வந்த 'மாரி'யை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருவல்லிக்கேணி தாதா, முறுக்கின மீசை, கலர் கண்ணாடி, மொட்டை மாடியில் பந்தயப் புறாக்கள். ஜாலியான படம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் புறாக்களை எடுத்துவிட்டு அங்கே நாலு முயலை வைத்திருந்தாலும் கதை அப்படியேதான் நடந்திருக்கும். தாதாவுக்கும் ஈரமான மனசு உண்டு என்று காட்ட ஒரு ஜீவன் வேண்டும். புறா கிடைத்தது, அவ்வளவுதான்.

சரி, நிஜமாக அதை வளர்ப்பவர்களுக்கு அதில் என்ன சுகம்? போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

முதலில் பந்தயம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் இது இரண்டு விதம். ஒன்று, உயரே பறந்து நிற்பது. காலையில் பறக்கவிட்டால் எத்தனை மணி நேரம் இறங்காமல் ஆகாயத்தில் சுற்றுகிறது என்பதுதான் கணக்கு. பத்து மணி நேரத்தைத் தாண்டுகிற பறவைகள் உண்டு. நடுவர் பாயைப் போட்டு மல்லாந்து படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே இருப்பார். உலகத்திலேயே படுத்துக்கொண்டு நடுவர் வேலை பார்க்கிற ஒரே விளையாட்டு இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று ஹோமர். கூண்டில் அடைத்து வெளியூருக்குக் கொண்டுபோய் விட்டால் வீடு திரும்புகிற புறா. நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா என்று வடக்கே தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அன்றைக்கு விஜயவாடா. நேர் கோட்டில் சுமார் 380 கிலோமீட்டர். காலை ஆறரைக்கு அங்கிருந்து 'திறந்துட்டோம்' என்று போன் வந்துவிட்டது. காற்று எதிர்க்காமல் இருந்தால் மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகம். பன்னிரண்டரை வாக்கில் எதிர்பார்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனியுங்கள். வடக்கேயிருந்து வரும் புறாவுக்கு எண்ணூர் முதலில் வந்துவிடும். ராயபுரம் இன்னும் 12 கிலோமீட்டர் தள்ளி. நிமிஷத்துக்கு 1200 மீட்டர் பறக்கிற புறாவுக்கு இது முழுசாகப் பத்து நிமிஷம். அப்படியென்றால் எண்ணூர்க்காரர்தானே எப்போதும் ஜெயிப்பார்? அதனால் யார் புறா முதலில் வந்தது என்று பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு மாடிக்கும் தூரத்தை அளந்து வைத்திருக்கிறார்கள். தூரத்தை நேரத்தால் வகுத்து, நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர் என்று பார்த்து, அதில் அதிகம் உள்ளவருக்குத்தான் பரிசு.

அதாவது, புறப்படுகிற இடம் எல்லோருக்கும் ஒன்று. போய்ச் சேருகிற இடம் ஆளுக்கு ஒன்று. பந்தயத்தின் கடைசிக் கோடு அவரவர் வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறது. திருவொற்றியூரில் ஒருத்தர், தண்டையார்பேட்டையில் ஒருத்தர், இங்கே எங்கள் பெரியவர் என்று தனித்தனியாக உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறார்கள். கூட்டம் கிடையாது, விசில் கிடையாது. ஜெயித்தது யார் என்று சாயங்காலம் கணக்குப் போட்ட பிறகுதான் தெரியும்.

எந்த டைரக்டராவது இதை எடுப்பாரா? எடுக்க மாட்டார். கிளைமாக்ஸில் ஹீரோவும் வில்லனும் நேருக்கு நேர் முறைத்துக்கொள்ள வேண்டாமா? இங்கே எதிராளி எட்டு கிலோமீட்டர் தள்ளி, தன் வீட்டு மாடியில் மோர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

நம் ஆட்களுக்கு விளையாட்டை எடுக்கத் தெரியாது என்று சொல்ல வரவில்லை. 2011-ல் வந்த 'ஆடுகள'த்தில் சேவலைத் தயார் பண்ணுகிற விதத்தை வெற்றிமாறன் எவ்வளவு பொறுமையாகக் காட்டினார்! 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை'யில் பா.ரஞ்சித், இந்த வட சென்னையின் 1970-களுக்கு நம்மைக் கூட்டிக்கொண்டுபோய், குத்துச்சண்டையில் கால் எப்படி நகர வேண்டும் என்பதைக்கூட விடவில்லை. ஆனால் சேவல் சண்டையும் குத்துச்சண்டையும் கேமராவுக்கு வசதியானவை. இரண்டு பேர், ஒரு வட்டம், சுற்றிலும் கூட்டம். புறாவுக்கு வந்ததும் எல்லோரும் தடுமாறுகிறார்கள். நாகர்கோவில் பக்கத்துப் புறாப் பந்தயத்தை வைத்து ஜான் கிளாடி இயக்கிய 'பைரி' (2024), 'மாரி'யைவிடப் பல மடங்கு நெருக்கமாகப் போனது. புறாவை அடிக்கும் பைரியின் பெயரையே படத்துக்கு வைத்த அக்கறை பிடித்திருந்தது. ஆனாலும் பகை, பழிவாங்கல் என்கிற பழைய பாதைக்கு அதுவும் வந்துவிட்டது.

சரி, வெளிநாட்டுக்காரன் மட்டும் என்ன செய்தான்? துறைமுகம், கூலித் தொழிலாளி, மொட்டை மாடிப் புறா மூன்றும் சேர்ந்த மிகப் பெரிய படம் எலியா கஸானின் 'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்' (1954). ஹோபோக்கன் துறைமுகத்தை வைத்த கதை. எட்டு ஆஸ்கர். மார்லன் பிராண்டோ புறாக் கூண்டுக்குள் நிற்கும் காட்சிகளைப் பாருங்கள். ராயபுரத்துக்கும் அதற்கும் ஒரு தெருதான் தூரம். ஆரம்பத்திலேயே, தொலைந்துபோன புறா ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொல்லித்தான் ஒருத்தனை மாடிக்கு வரவழைக்கிறார். அவனைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். புறா வளர்க்கிறவனை 'உன் புறா வந்துச்சு' என்று சொல்லி எங்கே வேண்டுமானாலும் வரவழைக்கலாம் என்று தெரிந்த ஒருவர்தான் அந்தக் காட்சியை எழுதியிருக்க முடியும். அதெல்லாம் சரி. ஆனால் பிராண்டோ சாட்சி சொன்னதற்குத் தண்டனையாக, அவர் புறாக்களைக் கொன்று போட்டுவிடுகிறான் ஒரு பையன். கென் லோச்சின் 'கெஸ்' (1969) படத்திலும் சிறுவன் வளர்த்த வல்லூறை அவன் அண்ணனே கொன்று குப்பைத் தொட்டியில் போடுகிறான். அருமையான படங்கள் இரண்டும். ஆனால் சினிமாவுக்குப் பறவை என்றால் கடைசியில் அதைச் சாகடித்தே ஆக வேண்டும் போலிருக்கிறது.

ராயபுரத்தில் அப்படி நடப்பதில்லை. இங்கே புறா சாவதை யாரும் பார்ப்பதில்லை. அது வராது. அவ்வளவுதான்.

பெரியவரிடம் கேட்டேன்: 'இதுல உங்களுக்கு எதுண்ணே ரொம்பப் பிடிக்கும்? ஜெயிக்கிறதா?'

'ஜெயிச்சா இன்னா சார் குடுக்கப் போறான்... ஒரு கப்பு. ஊட்ல வெக்க இடமில்ல' என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. 'அது வரும் பாருங்க. முதல்ல ஒரு புள்ளி. காக்காவா, பருந்தான்னு தெரியாது. ரெக்கைய மடிச்சுகினு சர்ருனு எறங்கும். அப்ப தெரிஞ்சுரும் நம்மளுதுன்னு. அந்த அஞ்சு செகண்டு சார்.'

அதற்கு முன்னால் விசாரித்த இன்னொருவர், தண்டையார்பேட்டையில் கடை வைத்திருப்பவர், வேறு மாதிரி சொன்னார். அவருக்கு ஜோடி சேர்ப்பதுதான் போதை. எந்த ஆணை எந்தப் பெட்டையோடு சேர்த்தால் எப்படிக் குஞ்சு வரும் என்று நோட்டுப் புத்தகம் போட்டு எழுதி வைத்திருக்கிறார். ஏழு தலைமுறைக்கு. அவருடைய தாத்தா பெயர் அவருக்கு உடனே ஞாபகம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

யோசித்துப் பாருங்கள். குதிரைக்குக் கடிவாளம் உண்டு, ஜாக்கி உண்டு. சேவலைக் கையில் பிடித்துக் களத்தில் இறக்கலாம். புறாவைத் திறந்துவிட்ட பிறகு உங்கள் கையில் ஒன்றுமே இல்லை. அது எங்கே வேண்டுமானாலும் போகலாம். நெல்லூரில் நல்ல நெல் வயல் இருக்கிறது. யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனாலும் இந்தப் பத்துக்குப் பத்து மாடிக்குத்தான் வருகிறது. சூரியனைப் பார்த்து வருகிறது, காந்தப் புலத்தை உணர்ந்து வருகிறது, வாசனையை வைத்து வருகிறது என்று விஞ்ஞானிகள் இன்னும் முழுசாக முடிவுக்கு வராமல் வாதாடுகிறார்கள். தெரிந்த பகுதிக்கு வந்ததும் ரோட்டைப் பிடித்துக்கொண்டு பறக்கிறது என்று 2004-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு மேலே அவை வரிசையாக வருவதைக் கற்பனை செய்துகொண்டேன்.

வட இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் விப்பெட் என்கிற ஒல்லி வேட்டை நாயை வைத்துப் பந்தயம் விட்டார்கள். குதிரை வாங்க வசதியில்லாதவனின் குதிரை அது. கடைசிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நாயின் சொந்தக்காரர் ஒரு கந்தல் துணியை ஆட்டிக்கொண்டு கத்துவார். நாய் அவரைப் பார்த்து ஓடி வரும். பரிசு சொற்பம். ஆனால் அத்தனை பேர் கத்துகிற இடத்தில் அது உங்களை நோக்கி ஓடி வருகிறது அல்லவா? அதே ஆட்கள்தான் புறாவும் வளர்த்தார்கள். நாள் முழுக்க இன்னொருத்தன் சொன்ன வேலையைச் செய்துவிட்டு வருகிறவனுக்கு, தன் வீட்டைத் தேடி ஓர் உயிர் தானாக வருவது சின்ன விஷயமில்லை. சுரங்கமானாலும் துறைமுகமானாலும்.

பணக்காரர்கள் இதிலும் நுழைந்துவிட்டார்கள். பெல்ஜியத்தின் 'நியூ கிம்' என்கிற பெட்டைப் புறா 2020 நவம்பரில் 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. நம் காசில் சுமார் 14 கோடி. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற புறா அது! எங்கள் பெரியவரிடம் சொன்னேன். 'அத்த பறக்கவுட முடியுமா சார்? பூட்டித்தான வெக்கணும்' என்றார். அதைவிட நல்ல விமரிசனம் எனக்குத் தோன்றவில்லை.

அதற்காக இதை ஒரேயடியாகக் கொண்டாடவும் மனசு வரவில்லை. மின்கம்பி, பைரி, மாஞ்சா நூல், திசை மாறிய காற்று எல்லாவற்றையும் தாண்டித்தான் அவை வர வேண்டியிருக்கிறது. மாஞ்சா மனிதக் கழுத்தையே அறுக்கிறது, புறா எம்மாத்திரம். நம் ஆனந்தத்துக்காக அந்த உயிரை அங்கே கொண்டுபோய் விடுவது நியாயமா என்று கேட்டேன். பெரியவருக்குக் கோபம் வரவில்லை. 'கேக்க வேண்டிய கேள்விதான்' என்றார். பதில் சொல்லவில்லை. அடைக்கலம் வந்த புறாவுக்காகத் தன் சதையை அறுத்துக் கொடுத்த சிபிச் சக்கரவர்த்தி கதையைப் பெருமையாகச் சொல்கிற ஊரில் நானும் அதற்குமேல் என்ன பேசுவது?

பன்னிரண்டு நாற்பதுக்கு முதல் புறா வந்தது. அவர் சொன்ன மாதிரியே புள்ளி, மடக்கின இறக்கை, சர்ர்ர். ஆனால் வந்த மகராசி கூண்டுக்குள் போகாமல் பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே வந்து, காலில் இருக்கிற வளையத்தைப் பதிவு பண்ணினால்தான் நேரம் கணக்கு. பெரியவர் பதறக் கூடாது, கத்தவும் கூடாது. டப்பாவில் கடலையைப் போட்டு மெதுவாகக் குலுக்குகிறார். நாக்கை மடித்து ஒரு சின்னச் சத்தம். 380 கிலோமீட்டரை ஆறு மணி நேரத்தில் பறந்த பறவை, கடைசி எட்டடிக்கு மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. எந்த கிளைமாக்ஸிலும் எனக்கு அப்படி ஆனதில்லை.

அனுப்பியது நாலு. சாயங்காலத்துக்குள் வந்தது மூன்று. மருமகள் இரண்டு தடவை மேலே வந்து, 'மாமா, சோறு ஆறுது' என்று சொல்லிவிட்டுப் போனாள். போட்டி நேரம் முடிந்துவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. வெளிச்சம் போனதும் கூண்டுக்கு வெளியே ஒரு பல்பைப் போட்டுவிட்டு, ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தார்.

'ராத்திரில பறக்குமாண்ணே?'

'பறக்காது சார். எங்கனா மரத்துல குந்தினு இருக்கும். காலைல வரும்.'

புதன்கிழமை போன் செய்தேன். எடுத்ததும், நான் கேட்பதற்கு முன்னால் அவரே, 'இன்னும் இல்ல சார்' என்றார்.