மனப்பாடம்: ஒரு மதிப்பீடு

மனப்பாடத்தைப் பற்றி நம்மிடையே இரு கட்சிகள் உண்டு. நெட்டுருப் போட்டவனே கற்றவன் என்று பழைய தலைமுறை நம்பியது. நெட்டுருவே புத்திக்குச் சத்துரு என்று பிற்காலத்துக் கல்விச் சீர்திருத்தக்காரர்கள் முழங்கினார்கள். இரு சாராரும் தத்தம் அனுபவத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்களேயன்றி, மனம் ஒன்றை எவ்வாறு கிரகிக்கிறது, எவ்வாறு காத்துக்கொள்கிறது, வேண்டியபோது எவ்வாறு வெளிக்கொணர்கிறது என்ற மூன்று காரியங்களைத் தனித்தனியே பிரித்து ஆராய்வதில்லை. பிரித்துப் பார்ப்போமானால், இப்பயிற்சியின் குணம் ஓரிடத்திலும் குற்றம் வேறோரிடத்திலும் இருப்பது புலனாகும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். மணலில் விரல் தேய எழுதிப் பழகிய சிறுவன் எண்சுவடிக்கு வந்ததும், நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா என்று, அதாவது 1/320 என்பது 1/80 ஆகவும், அது 1/20 ஆகவும் திரண்டு வளரும் கீழ்வாய் இலக்கத்தை, மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை முன்னே சொல்லத் தான் பின்னே சொல்லி, பின்னர்ச் சுவடியைக் கட்டி வைத்துவிட்டு உபாத்தியாயர் எதிரே ஒப்பித்தான். பழைய பாடங்களும் முறைவைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டன. நெல் அளப்பதும் நிலம் அளப்பதும் இந்தப் பின்னங்களிலேயே நடந்த ஊரில், ஒப்பித்தது களத்திலும் கடையிலும் உடனே பயன்பட்டது.

இம்முறையில் இருந்த நுட்பத்தை உளவியல் பிற்காலத்தில்தான் சோதித்து உறுதிப்படுத்தியது. பொருளற்ற அசைகளைத் தாமே நெட்டுருச் செய்து தம் ஞாபகத்தையே பரிசோதனைக்கு உட்படுத்திய ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், ஒரே நாளில் 68 முறை ஓதியதன் பலனை, மூன்று நாட்களில் பகிர்ந்து ஓதினால் 38 முறையிலேயே பெறலாம் என்று 1885இல் எழுதினார். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள் ஐந்து நிமிடங்களுக்குப் பின் 83 விழுக்காடும், ஒருமுறை படித்து மூன்று முறை பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழிந்ததும் நிலைமை தலைகீழாக மாறி, முன்னவர் 40க்கு இறங்கப் பின்னவர் 61இல் நின்றனர். ஆகவே ஞாபகத்தை வலுப்படுத்துவது பார்த்துப் படிப்பதைவிடப் பாராமல் சொல்வதே.

இன்னொரு நன்மையும் உண்டு. மனம் ஒரே வேளையில் ஏந்தி நிற்கக்கூடியவை ஏறக்குறைய ஏழே என்று உளவியல் அறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956இல் காட்டினார். ஏழெட்டு எவ்வளவு என்று விரல்விட்டு எண்ண வேண்டியவன், அதை எண்ணி முடிப்பதற்குள் தான் போட வந்த கணக்கையே நழுவவிடுகிறான்; வாய்ப்பாடு நாவில் நிற்பவனுக்கோ யோசிப்பதற்கு மனத்தில் இடம் மிஞ்சுகிறது. சிந்தனைக்கு ஞாபகம் பகையென்னும் வாதம் இங்கே தகர்கிறது.

ஆயினும் குற்றம் சிறிதன்று. உளவியல் அறிஞர் மாக்ஸ் வெர்தைமர், தாம் மறைந்த பின் 1945இல் வெளிவந்த நூலில், தாம் பார்வையிட்ட ஒரு வகுப்பை விவரிக்கிறார். இணைகரத்தின் மேல் முனைகளிலிருந்து செங்குத்துக் கோடுகள் இறக்கிப் பரப்புக் காணும் முறையை மாணவர்கள் பிசகின்றிச் செய்துகொண்டிருந்தனர். அவர் அதே வடிவத்தைத் திருப்பி நிறுத்தி வரைந்து கேட்டதும், பலர் பழக்கப்படி கோடுகளை இழுத்துவிட்டு மேற்செல்ல வகையறியாது விழித்தனர். இதை எங்களுக்கு இன்னும் சொல்லித் தரவில்லை என்றான் ஒரு மாணவன். ஒரு பக்கத்து முக்கோணத்தை வெட்டி மறுபக்கம் ஒட்டினால் செவ்வகம் வந்துவிடும் என்ற காரணத்தைக் கண்டவன் இவ்வாறு சொல்லியிருக்க மாட்டான். முறை மனத்தில் பதிந்திருந்தது, காரணம் பதியவில்லை.

மொழி இவ்விடத்தில் நம்மை எளிதாக ஏமாற்றிவிடுகிறது. சொல் குழந்தைக்குச் சீக்கிரம் கிட்டிவிடுகிறதென்றும், அச்சொல்லுக்குரிய கருத்து மெள்ள மெள்ளவே முதிர்கிறதென்றும், கருத்தை நேரே புகட்ட முயலும் ஆசிரியருக்குக் கிடைப்பது வெறும் கிளிப்பேச்சே என்றும் ரஷ்ய அறிஞர் விகோட்ஸ்கி, 1934இல் வெளியான நூலில் எச்சரித்தார். ஒளிச்சேர்க்கையின் வரையறையை ஓரெழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும் மாணவனிடம், இவ்வளவு பெரிய வேப்பமரத்தின் கனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மண்ணிலிருந்து என்று தயங்காமல் சொல்லிவிடுவதுண்டு. கனத்தின் பெரும்பகுதி காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தது என்பது அவன் ஒப்பித்த வாக்கியத்திலேயே அடங்கியிருந்தும், அவ்வாக்கியம் அவன் சிந்தனைக்குக் கருவியாகவில்லை.

திண்ணைக்குத் திரும்புவோம் என்று நான் வாதிக்க வரவில்லை. அங்கே பெண்மக்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பெரும்பாலும் இடமிருந்ததில்லை; பிரம்பும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் செய்த கொடுமைக்கு எந்த உளவியலும் சமாதானம் கூறாது. நாம் கவனிக்க வேண்டியது, அதன் தீமைகளோடு சேர்த்து நன்மையையும் கைவிட்டுவிட்டோம் என்பதையே. இன்றைய மாணவன் கைடைத் திறந்து வைத்துக்கொண்டு தேர்வுக்கு முந்திய இரவில் பத்து முறை படிக்கிறான். பாராமல் சொல்லிப் பார்ப்பதும் நாட்களைப் பகிர்ந்து ஓதுவதும் அருகிவிட்டன. பாடத்தின் பின்னுள்ள வினாக்கள் அப்படியே வருமென்று எதிர்பார்ப்பவன், ஒரு வினா சற்றே உருமாறி வந்தாலும், பாடத்திட்டத்துக்கு வெளியே கேட்டுவிட்டார்கள் என்று குமுறுகிறான். வெர்தைமர் கேட்ட பதிலும் இதுவே.

ஆதலால் மனப்பாடத்தை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும்: நூலை மூடிவிட்டுச் சொல்ல முடிகிறதா, நாள் கடந்தும் நிற்கிறதா, கேள்வியை மாற்றினாலும் பயன்படுகிறதா? முதலிரண்டையும் திண்ணை தானே சோதித்தது. மூன்றாவதைச் சோதித்தது கடைவீதி. எத்தனை முந்திரிக்கு என்ன கூலி என்று புதுப்புதுக் கோலத்தில் கேட்டுச் சோதிக்கும் அந்தப் பொறுப்பு இன்று வினாத்தாளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதனை வினாத்தாள் ஏற்காமல் இருக்கும் வரையில், மனப்பாடத்தின் மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பங்கு வினாக் கேட்பவர்களுக்கே உரியது.