அஸோக், எஃப்டைப்: டபுள் கிளிக்கை ஆளும் கட்டளைகள் இன்று எவ்வளவு தூரம் செல்லும்?

விண்டோஸில் ஒரு கோப்பை டபுள் கிளிக் செய்தால் எந்தச் செயலி திறக்க வேண்டும் என்பது இரண்டு படிகளில் முடிவாகிறது. கோப்புப் பெயரின் கடைசியில் நிற்கும் நீட்டிப்பு ஒரு கோப்பு வகையைக் காட்டும். அந்த வகை, இயங்க வேண்டிய செயலியைக் காட்டும். கமாண்ட் பிராம்ப்டில் முதல் படிக்கு அஸோக், இரண்டாம் படிக்கு எஃப்டைப்.

'அஸோக் .டிஎக்ஸ்டி' என்று தட்டினால் 'டிஎக்ஸ்டிஃபைல்' என்று பதில் வரும். அந்தப் பெயரை எஃப்டைப்பிடம் கொடுத்தால் நோட்பேட் இருக்கும் பாதையும், அதன் பின்னால் %1 என்ற குறியும் கிடைக்கும். கிளிக் செய்த கோப்பின் பெயர் வந்து உட்காரும் இடம் அது. புதிதாக இணைப்பு எழுதுகிறவர்கள் சறுக்குவதும் இங்கேதான். %1-ஐ இரட்டை மேற்கோளுக்குள் வைக்காவிட்டால், 'வீட்டு வரி ரசீது' போன்ற பெயரைப் பல செயலிகள் மூன்று கோப்புகளாக எண்ணிக்கொண்டு, அப்படி எதுவும் இல்லை என்று கைவிரித்துவிடும். பேட்ச் கோப்பில் என்றால் %%1 என்று எழுத வேண்டும். பவர்ஷெல் இந்த இரண்டு கட்டளைகளையும் நேரடியாக அறியாது. பார்ப்பதற்கு எந்த அனுமதியும் வேண்டாம். மாற்றுவதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும்.

இதுவரை எல்லாம் ஒழுங்கு. சிக்கல், மாற்றிய பிறகு. அஸோக் புதிய இணைப்பை ஏற்றுக்கொண்டதாகக் காட்டும். டபுள் கிளிக் செய்தால் பழைய செயலியே திறக்கும். காரணம், இக்கட்டளைகள் கணினி முழுமைக்குமான ரெஜிஸ்ட்ரி பகுதியில் எழுதுகின்றன. ஒவ்வொரு பயனரின் விருப்பமோ 'யூசர்சாய்ஸ்' என்ற தனி இடத்தில் இருக்கிறது. இரண்டும் மோதினால் யூசர்சாய்ஸே வெல்லும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 அதற்கு ஒரு ஹாஷ் முத்திரையையும் சேர்த்தது. பயனரின் அடையாள எண், நீட்டிப்பு, தேர்ந்த செயலி, நேரம் ஆகியவற்றைக் கலந்து உருவாகும் முத்திரை அது. பொருந்தாவிட்டால் விண்டோஸ் அந்தத் தேர்வைத் தள்ளிவிட்டு இயல்புநிலைச் செயலிக்குத் திரும்பும். பயனருக்குத் தெரியாமல் தீநிரல்கள் இணைப்பை மாற்றுவதைத் தடுக்க இது உதவுகிறது என்பது உண்மைதான்; நேர்மையான ஸ்கிரிப்டும் அதே வலையில் சிக்குகிறது. 2024-இல் புதுப்பிப்புகளோடு வந்த ஒரு டிரைவர் இன்னும் கண்டிப்பானது. பிடிஎஃப், இணைய முகவரி போன்றவற்றுக்கான தேர்வை ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கைவைத்து மாற்றப் பார்த்தாலும் அது விடாது.

ஆக, அஸோக்குக்கு மிஞ்சியிருப்பது யூசர்சாய்ஸ் பதிவு இல்லாத நீட்டிப்புகள்: நிறுவனம் தனக்கென வைத்துக்கொண்ட கோப்பு வகை, பெர்ல், பைத்தான் ஸ்கிரிப்டுகள். அங்கே வேலை சுத்தம். எஃப்டைப்பின் உதவிக் குறிப்பு இன்றும் பெர்லைத்தான் எடுத்துக்காட்டுகிறது. ஸ்கிரிப்டுக்குத் தரும் மற்ற உள்ளீடுகளையும் சேர்த்து அனுப்ப %* போடவும் அதுவே சொல்லித்தருகிறது.

பல கணினிகளை ஒரே மாதிரி அமைக்க வேண்டியவர்களுக்கு டிஸ்ம் கட்டளை ஏற்றது. ஒரு கணினியில் உள்ள இணைப்புகளை எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து, மற்றவற்றில் ஏற்றிவிடலாம். ஆனால் அது புதிய பயனர் முதன்முறை உள்நுழையும்போதுதான் பலிக்கும். ஏற்கெனவே கணக்கு உள்ளவர்களின் தேர்வை அது தொடாது; அவர்கள் செட்டிங்ஸில் போய் மாற்றிக்கொள்ளலாம்.