மாத்திரை வேண்டாம், பயிற்சி போதுமா?

கவனக்குறைபாடும் மிகைத்துடிப்பும் (ஏடிஹெச்டி) உள்ள பிள்ளைகளுக்கு "மருந்தில்லா மூளைப் பயிற்சி" என்று சொல்லும் நோட்டீஸ்கள் எங்க புளியந்தோப்பு வரைக்கும் வந்துவிட்டன. கணினி விளையாட்டு, பலகைமேல் நின்று பந்து பிடிப்பது என்று பல வகை. "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்ற வரி மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும். அதனால் அந்த ஆராய்ச்சிகளையே எடுத்துப் படித்தேன்.

இதில் பேர்போனது எண்டெவர்ஆர்எக்ஸ் என்கிற வீடியோ கேம். 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 ஜூனில் அனுமதித்தது. 348 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இந்த கேம், மற்றவர்களுக்கு சாதாரண வார்த்தை விளையாட்டு, 4 வாரம். முடிவில் கணினியில் வைத்த கவனச் சோதனையில் கேம் ஆடியவர்கள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். ஆனால் பெற்றோர் போட்ட மதிப்பெண்ணில் இரண்டு கூட்டமும் ஒரே அளவுதான் முன்னேற்றம். அதாவது வார்த்தை விளையாட்டு ஆடின பிள்ளையோட அம்மாவுக்கும் "கொஞ்சம் பரவாயில்லை"ன்னுதான் தோணியிருக்கு. நம்பி ஒன்றைச் செய்தால் நம் கண்ணுக்கு முன்னேற்றம் தெரியத்தான் செய்யும். அதில் பெற்றவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இது ஒரு கேமோடு முடிகிற கதையில்லை. 2015இல் கோர்ட்டேஸே குழுவினர் 16 ஆய்வுகளை, 759 பிள்ளைகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பயிற்சி நடப்பது தெரிந்தவர்கள் மதிப்பிட்டபோது பலன் ஓரளவு இருந்தது. தெரியாதவர்கள் மதிப்பிட்டபோது அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நினைவாற்றல் சோதனையில் முன்னேற்றம் உண்டு. படிப்பில் சொல்லும்படி இல்லை. கேரம் ஆடி ஆடிக் கை தேறினவன் கணக்குப் பாடத்திலும் தேறுவானா என்ன?

உடல் பயிற்சிப் பக்கம் பிரிட்டனில் வின்ஃபோர்ட் டோர் என்ற தொழிலதிபரின் திட்டம் இருந்தது. சிறுமூளையைத் தூண்டும் சமநிலைப் பயிற்சிகள் என்று டிஸ்லெக்சியா, ஏடிஹெச்டி இரண்டுக்கும் விற்றார்கள். ஆதாரமாகக் காட்டியது ஒரு பள்ளியில் 35 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு. அதை வெளியிட்ட இதழின் ஆசிரியர் குழுவிலேயே சிலர் எதிர்ப்புத் தெரிவித்து விலகினார்கள். 2008இல் நிறுவனம் நொடித்துப்போனது.

அதற்காக உடம்பை அசைப்பதே வீண் என்று சொல்லிவிட முடியாது. 2013இல் பான்டிஃபெக்ஸும் ஹில்மனும் செய்த சின்ன ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தது. ஏடிஹெச்டி உள்ள 20 பிள்ளைகள், இல்லாத 20 பிள்ளைகள். 20 நிமிடம் டிரெட்மில்லில் நடந்த பிறகு இரு கூட்டமும் வாசிப்பிலும் கணக்கிலும், அதே நேரம் உட்கார்ந்து படித்த பிறகு செய்ததைவிட நன்றாகச் செய்தார்கள். அந்த நேரத்துப் பலன்தான், நோயைத் தீர்ப்பதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் இதற்கு ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை. பக்கத்து வியாசர்பாடியில் பசங்க தினமும் ஃபுட்பால் ஆடுறாங்க. எனக்கு எரிச்சல் என்னவென்றால், சும்மா உட்கார முடியாத பையனுக்குப் பள்ளியில் முதல் தண்டனையே பி.டி. பீரியடை வெட்டுவதுதான்.

மருந்தில்லாத வழிகளில் நல்ல ஆதாரம் உள்ளது பெற்றோருக்கான பயிற்சி. வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துச் சொல்வது, செய்ததும் அப்போதே பாராட்டுவது என்று பெரியவர்கள் பழகிக்கொள்வது. 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் முயல வேண்டும். அதற்கு மேல், தேவைப்படும் பிள்ளைக்கு மாத்திரையைக் கண்டு பயந்து வருஷத்தைக் கடத்துவதும் நஷ்டம்தான். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை நமக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. மத்திய அரசின் சிறார் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலிலும் ஏடிஹெச்டி உண்டு. கூலி வேலைக்குப் போகிற வீடு கடன் வாங்கி மையத்தில் பணம் கட்டும் முன் இங்கே ஒரு நடை போய்வரலாம்.

அப்படியும் சேர்ப்பதென்றால், வகுப்பு டீச்சரிடம் பயிற்சியைப் பற்றி மூச்சு விடாதீர்கள். மூணு மாசம் கழிச்சு, "பையன் எப்படி இருக்கான் மிஸ்?" என்று மட்டும் கேளுங்கள்.