ஒரு வரி, நாலு ஜன்னல்

“என்ற சிஸ்டத்துல நல்லாத்தானுங்க இருந்துச்சு!” கோவையில் கணபதி பகுதியின் டிடிபி கடைகளிலும் சரி, சத்தி ரோட்டில் இன்னும் வடக்கே சரவணம்பட்டியின் மென்பொருள் அலுவலகங்களிலும் சரி, அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது. அனுப்பியவர் திரையில் ஒரு மாதிரி, வாங்கியவர் திரையில் வேறு மாதிரி. எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இதில் நல்ல வேடிக்கை இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண உரைக்கோப்புக்குள் எழுத்தே கிடையாது, எண்கள்தான். யூனிகோடில் ‘க’ என்பது 2965. அந்த எண்ணுக்கு உருவமும் இடமும் நிறமும் கொடுப்பது எடிட்டர், எழுத்துரு, திரை மூன்றும் சேர்ந்துதான்.

இனி சோதனை. ‘கொங்கு கௌரி கூடு ஸ்ரீ’ என்று ஒரு வரி தட்டிச் சேமியுங்கள். நோட்பேட், விஎஸ் கோட், ஈமாக்ஸ், டெர்மினலுக்குள் விம் என்று நான்கு எடிட்டர்களிலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

‘கொ’வில் ஆரம்பிக்கலாம். கோப்பில் ‘க’ முன்னால், ‘ொ’ பின்னால். திரைக்கு வரும்போது அந்த ஒற்றைக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் போய் நிற்க வேண்டும். இந்த வேலைக்கென்றே தனி நிரல் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ், 2020-இல் வந்த ஈமாக்ஸ் 27 எல்லாம் ஹார்ஃப்பஸ் என்பதைப் பயன்படுத்துகின்றன. டெர்மினலோ எல்லாவற்றையும் ஒரே அளவுக் கட்டங்களில் அடைக்கப் பார்க்கும். தமிழ் எழுத்தின் அகலம் அதற்குப் பிடிபடாது. பழைய டெர்மினல்களில் கொம்பு இடம் மாறி ‘க’வுக்குப் பின்னாலேயே நிற்பதும் உண்டு.

அடுத்து ‘கூ’. மேலும் கீழும் இடம் கேட்கும் தமிழ் எழுத்துக்காக ஈமாக்ஸ் அந்த வரியை மட்டும் உயர்த்திக் கொடுக்கும். விஎஸ் கோட் எல்லா வரிக்கும் ஒரே உயரம்தான் வைக்கும். இரண்டிலும் ஆங்கில வரிகளுக்கு நடுவே இந்த ஒரு வரி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து எழுத்துரு. எடிட்டரில் நீங்கள் தேர்ந்தெடுத்தது கன்சோலாஸ் என்று வைத்துக்கொள்வோம். அதில் தமிழே இல்லை! விண்டோஸ் சத்தமில்லாமல் வேறொன்றைக் கொண்டுவந்து வைக்கும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து லதா, விண்டோஸ் 8 முதல் நிர்மலா. மேக்கில் தமிழ் சங்கம் எம்என். வாலில் இருக்கும் ‘எம்என்’, அதை உருவாக்கிய மலேசியாவின் முத்து நெடுமாறன். (அகலமாக, தாராளமாக இருக்கும் லதாவைப் பழசு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் இன்னும் லதா கட்சிதான்.)

பூதக்கண்ணாடி இருந்தால் எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். விண்டோஸில், எழுத்தின் விளிம்பை நிறத்தால் மென்மையாக்கும் கிளியர்டைப் வேலை செய்யும் ஜன்னல்களில் கறுப்பு எழுத்தின் விளிம்பில் லேசாகச் சிவப்பும் நீலமும் தெரியும். ஆப்பிள் இந்த உத்தியை 2018-இல் மொஹாவியோடு கைவிட்டது. அதனால் அங்கே விளிம்பு வெறும் சாம்பல்.

நிறத்துக்கு வருவோம். திருப்பூரில் துணியின் ஷேடை லைட் பாக்ஸில் வைத்துத்தான் பார்ப்பார்கள். பகல் வெளிச்ச விளக்கில் ஒத்துப்போன இரண்டு துணி, கடை விளக்கில் ஒத்துப்போகாமல் நிற்கும். எடிட்டரின் நிறத்தையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். டெர்மினலில் ‘நீலம்’ என்பது வெறும் 4-ஆம் எண் நிறம். எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினலில் அது சிவப்பு 0, பச்சை 0, நீலம் 238. பழைய விண்டோஸ் கன்சோலில் நீலம் 128 மட்டும்; கறுப்புப் பின்னணியில் அதைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. 2017-இல் மைக்ரோசாஃப்ட் அதை 0, 55, 218 என்று மாற்றிய பிறகுதான் கண் பிழைத்தது. அதே விம்மை ஜன்னலோடு ஜிவிம்மாகத் திறந்தால், நிறத்தை அதுவே துல்லியமான எண்ணில் சொல்லிவிடும். இரண்டையும் ஒட்டி வைத்துப் பாருங்கள், ஷேடு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பின்னணியையும் ஒருமுறை புரட்டிப் போடுங்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து, வெள்ளையில் கறுப்பு எழுத்தைவிடத் தடித்துத் தெரியும். எழுத்துரு மாறவே இல்லை.

கடைசியாக, பத்திரிகை அடிக்கும் கடையில் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாட்களிலேயே யூனிகோடைத் தரமாக ஏற்கும் தமிழக அரசாணை வந்தது. ஆனாலும் பழைய கோப்புகள் போகவில்லை. அந்த உரையை நோட்பேடில் ஒட்டினால் ‘கொங்கு’ இருந்த இடத்தில் என், எஃப், ஹெச், க்யூ, ஓர் அரைப்புள்ளி, பெரிய எஃப் என்று வரும். கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டி வைத்திருக்கிறார்கள். குறியைப் பிரித்து வைக்க அன்றைய மென்பொருளுக்குத் தெரியாது. இப்போது நோட்பேடின் எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றுங்கள். கோப்பில் ஓர் எண்கூட மாறாமல், திரையில் ‘கொங்கு’ வந்து நிற்கும்.